கட்டிய காசு யார் கையில்?



பரீட்சைப் பெறுபேறுகள் வந்த கையோடு ஹற்றன், கினிகத்தேனை பஸ் தரிப்பிடங்களில் துண்டுப்பிரசுரங்கள் பறக்கத் தொடங்கிவிடும். கணினி, ஆங்கிலம், தாதியர் உதவியாளர், முன்பள்ளி ஆசிரியர் என்று எத்தனையோ கற்கைநெறிகள். பொல்பிட்டியவிலிருந்து பிள்ளையை அனுப்ப நினைக்கும் தாயின் கண்ணில் முதலில் படுவது ஒரு வரிதான்: முழுக் கட்டணத்தையும் ஒரே தடவையில் செலுத்தினால் விசேட கழிவு. உடனே சீட்டை எடுத்து, சங்கிலியை அடகு வைத்துக் கட்டிவிடுகிறோம். 2021 இல் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வந்தபோதுகூட, 60,000 ரூபாக் கற்கைநெறி என்பது 60 நாள் கொழுந்து. அதுவும் சாப்பாட்டுக்கு ஒரு சதம் எடுக்காமல்!

நான்காம் மாதம் அந்த நிறுவனம் பூட்டப்பட்டால் மிச்சக் காசு யாரிடம் இருக்கும்?

மாலபேயில் இயங்கிய சைட்டம் தனியார் மருத்துவக் கல்லூரியை நினைத்துப் பாருங்கள். அது நட்டத்தில் மூடப்பட்டதல்ல. எதிர்ப்புப் போராட்டங்களுக்குப் பின் 2017 ஒக்டோபரில் அரசாங்கம் அதை ஒழிப்பதாக அறிவித்தது. இலட்சக்கணக்கில் கட்டிய குடும்பங்கள் நீதிமன்றம் வரை போயின. மாணவர்களைக் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தில் சேர்க்க 2018 இல் பாராளுமன்றம் ஒரு தனிச் சட்டமே நிறைவேற்ற வேண்டியிருந்தது. கடைக்கு மேல்மாடியில் இரண்டு அறைகளில் நடக்கும் வகுப்புக்காகப் பாராளுமன்றம் கூடாது.

சில நாடுகளில் இதற்கு முன்கூட்டியே வழி செய்திருக்கிறார்கள். சிங்கப்பூரில் தனியார் கல்விச் சட்டம் 2009 இல் வந்தது. அங்கே கட்டணப் பாதுகாப்புத் திட்டத்தில் உள்ள கல்லூரிகள் மாணவரின் பணத்துக்குக் காப்புறுதி எடுக்க வேண்டும், அல்லது அதை வங்கியில் தனிக் கணக்கில் வைத்துச் சிறிது சிறிதாகப் பெற வேண்டும். அவுஸ்திரேலியாவில் பல கல்லூரிகள் திடீரென மூடப்பட்டு, இந்திய மாணவர் பலர் தவித்த பின், 2012 இல் ஒரு பாதுகாப்புச் சேவை தொடங்கப்பட்டது. கல்லூரி மூடினால் வெளிநாட்டு மாணவருக்கு வேறு இடம் தேடிக்கொடுக்கும். கிடைக்காவிட்டால் படிக்காத காலத்துக்குரிய பணத்தைத் திருப்பித் தரும். அந்த நிதிக்குக் காசு போடுவது கல்லூரிகளே. எனக்குப் பிடித்த விடயம் அதுதான்.

இங்கே தொழிற்பயிற்சி நிறுவனங்கள் 1990 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டப்படி மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்ய வேண்டும். பதிவு இலக்கத்தையும் காலாவதித் திகதியையும் காட்டச் சொல்லுங்கள். ஆனால் பதிவு இருப்பதால் பணம் பத்திரம் என்று எண்ணிவிடாதீர்கள். மாதாமாதம் கட்டுங்கள். கழிவு போனால் போகட்டும், ஐயாயிரம் நட்டத்தோடு தப்பலாம். இடையில் வகுப்பு நின்றால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

பற்றுச்சீட்டு, பணம் கொடுத்தவர் பெயரிலேயே இருக்கட்டும். அடகு போவது அம்மாவின் நகை, பற்றுச்சீட்டிலோ அண்ணனின் பெயர்! பிறகு மத்தியஸ்த சபைக்குப் போக நேர்ந்தால், சட்டத்தரணி இல்லாமலே நீங்கள் பேசலாம். கையில் அந்தத் துண்டு மட்டும் இருக்க வேண்டும்.