யந்திரக் காரியஸ்தருக்கு எத்தகைய முக்தியார்?

பொருளுடையோர் தம் காரியங்களை யெல்லாம் தாமே நேரிற்சென்று முடித்தல் இயலாது. ஆட்டையாம்பட்டியில் முறுக்கு வியாபாரஞ் செய்யும் ஒருவர்க்குச் சேலத்திலும் திருச்செங்கோட்டிலும் கிடங்குகள் இருக்குமாயின், தமக்காக ஒரு காரியஸ்தரை அனுப்பியே தீரவேண்டும். எந்தச் சாவியை அவர் கையிற் கொடுப்பது, எத்தனை நாளைக்குக் கொடுப்பது என்பதிலேதான் அவருடைய விவேகம் விளங்கும். இப்பழைய வினாவே இன்று பெருங்கம்பெனிகளின் முன் புதுவேடம் பூண்டு நிற்கின்றது.

செயற்கை நுண்ணறிவு முகவர்கள், கேட்டதற்கு விடை கூறுவதோடு நில்லாமல், கடிதம் அனுப்பவும், கணக்கேடுகளைத் திறக்கவும், திருத்தவும் வல்லவை. கம்பெனிகளின் ஏடுகளோ ஓரிடத்தில் இல்லை. அமேசான், மைக்ரோஸாப்ட், கூகிள் முதலியோரிடம் வாடகைக்குப் பெற்ற மேகக் கணினிகளிற் சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றிற்கும் பூட்டு வேறு. காவல் விதியும் வேறு. எல்லா வாயில்களிலும் நுழைந்து திரியும் முகவரை முழுமையாகக் காண்பவர் பெரும்பாலும் ஒருவருமிலர்.

இது வீண் அச்சமன்று. 2025 ஆகஸ்டு மாதத்தில், ஸேல்ஸ்லாப்ட் கம்பெனியின் டிரிப்ட் என்னும் உரையாடல் முகவருக்குரிய அநுமதிச் சீட்டுக்கள் களவுபோயின. களவாண்டோர் அவற்றைக் காட்டி, ஸேல்ஸ்போர்ஸில் நூற்றுக்கணக்கான கம்பெனிகள் வைத்திருந்த ஏடுகளுட் புகுந்தனர். புகுந்ததோடு அமையாது, அவ்வேடுகளில் அமேசான் மேகத்தின் சாவிகள் அகப்படுமோ வென்றுந் தேடினர். கிளவுட்பிளேர், பாலோ ஆல்டோ போன்ற, காவலையே தொழிலாகவுடைய கம்பெனிகளும் தப்பவில்லை. ஒரு மேகத்திற் கசிந்த சாவி மற்றொன்றின் கதவைத் திறக்கும் என்பது இதனாற் புலனாகும்.

பரிகாரம் யாது? நம் நாட்டு வழக்கிலேயே அது உள்ளது. முக்தியார் பத்திரம் இருவகைப்படும். சகல காரியங்களுக்கும் கொடுப்பது பொது முக்தியார். குறித்த ஒரு காரியத்துக்கு மாத்திரம் கொடுப்பது தனி முக்தியார். யந்திர முகவருக்குத் தனி முக்தியாரே தகும் என்பது நமது துணிபு. ஒவ்வொரு முகவருக்கும் தனிப் பெயர் வேண்டும். காரியம் முடிந்தவுடன் அதன் சீட்டுத் தானே காலாவதியாக வேண்டும். பணங் கொடுத்தல், ஏடுகளை அழித்தல் போன்றவற்றிற்கு மனிதர் ஒருவரின் சம்மதம் வேண்டும். எல்லா மேகங்களுக்கும் பொதுவான ஒரே பதிவேட்டில், எந்த முகவருக்கு எவர் பொறுப்பாளி என்பது எழுதப்பட வேண்டும்.

இதனாற் காரியம் தாமதப்படும் என்பர் சிலர். சிறிது தாமதப்படுவது மெய்யே. ஆயின், இந்திய அரசின் கணினி அவசரநிலைக் குழு 2022 ஏப்ரல் 28-ல் பிறப்பித்த ஆணைப்படி, இத்தகைய விபத்துக்களை 6 மணி நேரத்துள் தெரிவிக்க வேண்டும். நடவடிக்கைக் குறிப்புக்களை 180 நாள் காத்தலும் வேண்டும். தம் வீட்டில் எத்தனை காரியஸ்தர் உளர் என்பதையே அறியாதவர், எவர் எக்கதவைத் திறந்தார் என்பதை 6 மணி நேரத்துள் எங்ஙனம் அறிவார்?

மாணவ நண்பர்களே! சேலத்திலும் 2024-ல் டைடல் பூங்கா திறக்கப்பட்டுவிட்டது. இச்சாவிகளை வழங்கும் உத்தியோகம் உங்களிற் பலர்க்கு நாளை வாய்க்கும். அவசரத்தை முன்னிட்டுப் பொது முக்தியாரில் ஒப்பமிடுமாறு உங்களை வற்புறுத்துவோர் பலர் இருப்பர். குற்றம் நேர்ந்தவிடத்து யந்திரம் நியாயஸ்தலத்தில் நின்று விடை கூறாது. ஒப்பமிட்டவரே கூறவேண்டும் என்பதை மறவாதிருப்பீர்களாக.