தொட்டுப் பார்த்தால் தெரியும் எண்ணம்

1900ஆம் ஆண்டுக் கோடையில் வட சீனக் கிராமங்களிலிருந்து பெய்ஜிங்குக்குத் திரண்டு வந்த, பாக்ஸர்கள் எனப்பட்ட இளைஞர்களுக்கு, தங்கள் மேல் சாமி இறங்கும் என்பதில் சந்தேகமே இருக்கவில்லை. மந்திரம் எழுதிய தாளைக் கொளுத்தி, சாம்பலை விழுங்கி, கண் செருக ஆடினார்கள். ஒருவன் மேல் போர்த்தெய்வம் குவான் யூ வந்தார். இன்னொருவன் மேல் குரங்கு அரசன் சுன் வூகோங் வந்தார். ஊர்த் திருவிழா நாடகங்களில் அவர்கள் பார்த்து வளர்ந்த பாத்திரங்கள்தாம் இவை. அருள் வந்த உடம்பைத் தோட்டா துளைக்காது என்று நம்பினார்கள். ஆகஸ்டில் எட்டு நாடுகளின் படைகள் நகருக்குள் புகுந்தபோது அந்த நம்பிக்கைக்கு என்ன ஆனது என்பதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. மறு ஆண்டு உடன்படிக்கையில் சீனா 45 கோடி டேல் வெள்ளியை இழப்பீடாகக் கட்ட ஒப்புக்கொண்டது.

அதே நகரில் மூக்குக்கண்ணாடி விற்றுப் பிழைத்த ஒரு பாகுவா ஆசான் இருந்தார். பெயர் செங் திங்ஹுவா. வட்டத்தில் நடந்தபடியே உள்ளங்கையின் திருப்பத்தோடு இடுப்பையும் பார்வையையும் இணைப்பதுதான் அவருடைய கலை. அந்தக் குழப்பத்தில் ஜெர்மானியச் சிப்பாய்கள் சுட்டு அவர் இறந்தார் என்று அவருடைய மரபினர் சொல்லி வருகிறார்கள். சாமியாடியவனுக்கும் அரை ஆயுளைப் பயிற்சியில் கழித்தவருக்கும் இடையே தோட்டா வேறுபாடு பார்க்கவில்லை.

ஆனால் வேறுபாடு இருக்கிறது. தாய்ச்சி, ஷிங்யி, பாகுவா மூன்றையும் சீனர்கள் அகமுறைக் கலைகள் என்பார்கள். மூன்றிலும் ஆசான்கள் ஓயாமல் சொல்வது ஒன்றுதான்: எண்ணம் முதலில் போகட்டும், உடம்பு பின்னால் வரட்டும். இது எங்கிருந்தோ வந்து இறங்கும் அருள் அல்ல, பழகிப் பழகிக் கூர்மையாகும் கவனம். கடந்த முந்நூற்றைம்பது ஆண்டுகளில் இந்த எளிய விஷயத்தின் தலையில் ஏற்றப்பட்ட சுமைகள்தாம் அதன் வரலாறு என்று தோன்றுகிறது.

முதல் சுமையை ஏற்றியவர் ஒரு பேரறிஞர். மிங் வம்சம் வீழ்ந்தபோது மஞ்சூக்களை எதிர்த்துப் போரிட்டுத் தோற்ற ஹுவாங் சோங்ஷி, 1669இல் வாங் ஜெங்னான் என்ற வீரருக்குக் கல்லறை வாசகம் எழுதினார். ஷாவோலின் முறை பாய்ந்து தாக்குவது. அதற்கு மாறாக, அசைவின்மையால் அசைவை அடக்கும் அகமுறை ஒன்று உண்டு. அதன் மூலவர் வூடாங் மலையின் தாவோ துறவி ஜாங் சான்ஃபெங் என்றார். அகம், புறம் என்ற பிரிவு எழுத்தில் வந்தது இங்கேதான். ஷாவோலின் என்பது வெளியிலிருந்து வந்த பௌத்தம், வூடாங் என்பது மண்ணின் தாவோயிசம். வெளியாளிடம் நாட்டைப் பறிகொடுத்தவர் இப்படிப் பிரித்ததில் அரசியல் இருக்கிறது என்று இன்றைய ஆய்வாளர்கள் சிலர் வாசிக்கிறார்கள். நமக்கும் அது சரியாகவே படுகிறது. வாளால் ஆகாததை மென்மை வெல்லும் என்ற ஆறுதல், தோற்றவர்களுக்கு எப்போதும் தேவைப்படுகிறது.

இந்த மூலவர் கதைகளை 1930இல் தாங் ஹாவ் என்ற வரலாற்றாசிரியர் ஈவிரக்கமில்லாமல் உடைத்தார். ஜாங் சான்ஃபெங் மட்டுமல்ல, ஷாவோலினுக்குக் குத்துவரிசை கற்றுக்கொடுத்ததாகச் சொல்லப்படும் போதிதர்மரும் அவரிடம் தப்பவில்லை. காஞ்சிபுரத்தில் சிலை வைக்கத் துடிக்கும் நம்மூர் அன்பர்கள் அந்த நூலைப் படித்தால் வருந்துவார்கள். போதிதர்மர் தென்னிந்தியாவிலிருந்து சென்ற தியான ஆசான் என்பதற்குப் பழைய சீனக் குறிப்பு உண்டு. அவர் கைகாலை வீசிச் சண்டை கற்பித்தார் என்பது அவர் காலத்துக்கு ஆயிரம் ஆண்டு பிந்திய சரடு.

1900இன் அவமானம் கற்பிக்கும் முறையையே மாற்றியது. கற்றவர்களுக்குக் குத்துக்கலை என்றாலே கூச்சமாகிவிட்டது. 1918இல்கூட எழுத்தாளர் லூ ஷுன் ‘புதிய இளைஞன்’ இதழில், தற்காப்புக் கலையைத் தேசிய மருந்தாக விற்பவர்களைப் பாக்ஸர்களோடு ஒன்றாக வைத்துக் கிண்டலடித்தார். இப்படிப்பட்ட காலத்தில்தான் சுன் லுதாங் எழுத வந்தார். ஷிங்யியைக் குவோ யுன்ஷென்னிடமும் பாகுவாவைச் செங் திங்ஹுவாவிடமும் பழகியவர். பின்னாளில் பெய்ஜிங்கில் நோயுற்றுக் கிடந்த ஹாவ் வெய்ஜென்னுக்குப் பணிவிடை செய்து, அவரிடம் தாய்ச்சியும் கற்றார். 1915இல் ஷிங்யி பற்றியும் அடுத்த ஆண்டு பாகுவா பற்றியும் நூல்கள் வெளியிட்டார்; தாய்ச்சி நூலும் தொடர்ந்தது. தானே நின்று காட்டிய புகைப்படங்கள், ஒவ்வொரு நிலைக்கும் விளக்கம், இடையிடையே மாற்றங்களின் நூலிலிருந்து தத்துவம். மூன்று கலைகளுக்கும் சாரம் ஒன்றே என்றார். குத்துவரிசைக்காரனும் படித்தவன் வீட்டு நடுக்கூடத்தில் உட்காரலாம் என்று ஆனதற்கு இந்தப் புத்தகங்கள் பெரிய காரணம். தத்துவத்தில் கொஞ்சம் மிகை உண்டு. இருந்தாலும், பயிற்சியைப் பட்டப்பகலில் புத்தகமாக விரித்து வைத்தவரை அதற்காகக் குறை சொல்ல மனம் வரவில்லை.

தத்துவத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் எண்ணம் என்று இவர்கள் சொல்வது என்ன? ஜான்ஜுவாங் என்ற நிற்கும் பயிற்சியில் அது கண்ணுக்கெதிரே தெரியும். கால்களைத் தோளகலம் விரித்து, முழங்காலைச் சற்றே தளர்த்தி, மார்புக்கு முன் ஒரு காகிதப் பந்தை அணைத்திருப்பதாகக் கைகளை வளைத்து நிற்க வேண்டும். இறுக்கினால் பந்து நசுங்கும்; விட்டால் நழுவும். சில நிமிடத்திலேயே தோள் கடுக்கும், தொடை நடுங்கும். அப்போது ஆசான், “யாரோ அந்தப் பந்தை முன்னால் இழுக்கிறார்கள், விடாதே, ஆனால் அசையாதே” என்பார். பிறகு பின்னாலிருந்து இழுக்கிறார்கள் என்பார். பிறகு மேலே, கீழே, இருபுறமும். வெளியே பார்ப்பவனுக்கு ஒருவர் சும்மா நிற்பதுதான் தெரியும். உள்ளே, முதுகும் இடுப்பும் பாதமும் ஒன்றையொன்று தேடிக்கொண்டிருக்கும். தலையில் நிறைகுடம் வைத்து நடக்கும் பெண் கழுத்துத் தசையைப் பற்றி யோசிப்பதில்லை. தண்ணீர் தளும்பக்கூடாது என்று மட்டும் நினைக்கிறாள், கழுத்தும் முதுகும் தாமே ஒழுங்குக்கு வருகின்றன. எண்ணம் செய்யும் வேலை அவ்வளவுதான்.

இந்தப் பயிற்சியையே முழுக்கலையாக ஆக்கியவர் வாங் ஷியாங்ஜாய். அவரும் குவோ யுன்ஷென்னின் வழியில் வந்தவர். 1920களில் மனப்பாட அடவுகளைத் தூக்கியெறிந்து, எண்ணத்தை மட்டுமே பெயராக்கி யிசுவான் என்று தன் முறையை அழைத்தார். 1940இல் பெய்ஜிங் பத்திரிகைப் பேட்டிகளில் மற்றப் பள்ளிகளின் வித்தைகளைச் சாடினார். ஒப்பாதவர்கள் வந்து கைகலந்து பார்க்கலாம் என்றும் சொன்னார். ஜூடோவில் தேர்ந்த ஜப்பானியர் சவாய் கெனிச்சி அப்படி வந்து, திரும்பத் திரும்பத் தோற்று, சீடரானார். இதைச் சவாயே எழுதியிருக்கிறார். எண்ணத்தைப் பற்றி அத்தனை பேசியவர், கூடவே வாசற்கதவையும் திறந்து வைத்திருந்தார் என்பதை மறக்கக் கூடாது.

தாய்ச்சியிலும் அப்படி ஒரு கதவு உண்டு. இருவர் மணிக்கட்டோடு மணிக்கட்டு ஒட்டி நின்று, விசையைக் கேட்டுக் கேட்டு, ஒருவர் நிலையை மற்றவர் குலைக்கும் தள்ளுகைப் பயிற்சி அது. பழைய தாய்ச்சி ஆசான் யாங் லூசானின் உள்ளங்கையில் உட்கார்ந்த குருவி பறக்க முடியாமல் தவித்தது என்று ஒரு கதை சொல்வார்கள். கதைதான். ஆனால் அது மந்திரக் கதை அல்ல. குருவி எழும்பக் காலை ஊன்றும் கணத்தில் கை தாழ்ந்துவிடுகிறது. ஊன்ற இடமில்லாததால் எழும்ப முடியவில்லை. எதிராளியின் நோக்கத்தை அவன் தசை அசையும் முன்பே தோலில் உணர்வது என்ற இலட்சியத்தை இதைவிட நன்றாகச் சொல்ல முடியாது.

ஆய்வுக்கூடமும் இதைக் கொஞ்சம் தொட்டிருக்கிறது. 1992இல் யூ, கோல் என்ற இருவர் நடத்திய ஆய்வில், சுண்டுவிரல் தசையை இறுக்குவதாக நான்கு வாரம் கற்பனை மட்டும் செய்தவர்களுக்கே வலிமை 22 விழுக்காடு கூடியது. உண்மையில் பயிற்சி செய்தவர்களுக்கு 30. மூளை கட்டளையிடும் விதம் மேம்படுவதால் வரும் பலன் இது. அதை வைத்துக்கொண்டு பத்தடி தூரத்தில் நிற்பவரை எண்ணத்தால் விழத்தட்டலாம் என்று எவரும் தாவ முடியாது. ஆனால் தாவினார்கள். 1980களில் சிகோங் என்ற மூச்சுப் பயிற்சியின் மோகத்தில், தொடாமலே ஆளைத் தள்ளும் வித்தையும் தொலைவிலிருந்தே நோய் தீர்க்கும் வித்தையும் கொடிகட்டிப் பறந்தன. ராக்கெட் விஞ்ஞானி சியான் ஷுவேசென்னே அந்த ஆராய்ச்சிக்குத் துணைநின்றார். சாமியாட்டம் விஞ்ஞான வேடத்தில் திரும்பி வந்திருந்தது. அரங்கில் விழுந்தவர்கள் எல்லோரும் சீடர்கள் என்பது மட்டும் யாருக்கும் உறுத்தவில்லை.

வெளியாளோடு மோதியபோதெல்லாம் முடிவு சுமாராகவே இருந்திருக்கிறது. 1954 ஜனவரியில் மக்காவ் மேடையில் தாய்ச்சி ஆசான் வூ கோங்யியும் வெண்கொக்குப் பள்ளியின் சான் ஹாக்ஃபூவும் மோதினார்கள்; மூக்கில் ரத்தம் வடிந்தது, வெற்றி தோல்வி இல்லாமல் நிறுத்தப்பட்டது. அந்தப் பரபரப்பின் சூட்டிலேயே ஹாங்காங் மாலைப் பத்திரிகை ஒன்று லியாங் யூஷெங்கின் வீரக்கதைத் தொடரைத் தொடங்கியது. நவீன வூஷியா நாவலின் பிறப்பு அங்கேதான். மேடையில் அகப்படாத அற்புதம் அச்சில் கிடைத்தது. 2017இல் செங்டூவில் கலப்புச் சண்டை வீரர் ஷு ஷியாவோதோங், ஒரு தாய்ச்சி ஆசிரியரை அரை நிமிடத்துக்குள் தரையில் சாய்த்தார். காணொளி சீனா முழுக்கப் பரவியது. திட்டு வாங்கியது என்னவோ அதிகமும் ஜெயித்தவர்தான்.

2020 ஜூலையில் சீன வூஷு சங்கம் ஓர் அறிவுரை வெளியிட்டது: பயிற்சியாளர்கள் தங்களை மகா ஆசான், பள்ளித் தலைவர் என்றெல்லாம் தாமே அழைத்துக்கொள்ளக் கூடாது, தனிப்பட்ட சவால் சண்டைகளும் கூடாது. அதே ஆண்டு டிசம்பரில் தாய்ச்சி யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் ஏறியது. பட்டங்களைத் தடுத்ததில் நமக்குப் புகார் இல்லை. சண்டையைத் தடுத்ததற்கும் காரணம் இருக்கலாம்; இணையத்தில் அது கூத்தாகிப்போனது. ஆனால் பட்டத்தைப் பொய்யென்று காட்டக்கூடியது எதிரில் நிற்கும் வேற்றாளின் கை ஒன்றுதான். அந்தக் கையையும் சேர்த்துத் தடுத்த பிறகு, பூங்காவில் காலைதோறும் காகிதப் பந்தை அணைத்து நிற்பவர் தன் எண்ணம் வேலை செய்கிறதா என்று கேட்க, அதே பள்ளியில் அதே ஆசானிடம் பழகிய பக்கத்து ஆளைத்தான் தொட வேண்டும். அவரோ மரியாதைக்காகக் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார்.