டிஎன்ஏ மாதிரிகளைப் பாதுகாத்து, தவறான தண்டனைகளைத் தடுக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
குற்றவியல் வழக்கறிஞர்கள் சங்கம்.

பெறுநர்:
1. உள்துறைச் செயலாளர், தமிழ்நாடு அரசு, தலைமைச் செயலகம், சென்னை.
2. காவல்துறைத் தலைமை இயக்குநர், தமிழ்நாடு.
3. இயக்குநர், தடய அறிவியல் துறை, சென்னை.

பொருள்: குற்ற வழக்குகளில் டிஎன்ஏ மாதிரிகளைச் சேகரித்தல், அனுப்புதல், பாதுகாத்தல் – உச்ச நீதிமன்ற நெறிமுறைகளை முழுமையாக நடைமுறைப்படுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மையீர்,

தேனி மாவட்டம் சுருளி அருவிப் பகுதியில் 2011 மே மாதம் ஓர் இளம்பெண்ணும் இளைஞரும் கொலை செய்யப்பட்டனர். இவ்வழக்கில் 2018இல் அமர்வு நீதிமன்றம் ஒருவருக்கு மரண தண்டனை விதித்தது. 2019இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை உறுதி செய்தது. 15.07.2025 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.

டிஎன்ஏ அறிக்கை அவருக்கு எதிராகவே இருந்தது. ஆனால் மாதிரிகள் எடுக்கப்பட்டது முதல் ஆய்வகத்தை அடையும்வரை எங்கே, யார் பொறுப்பில், எந்த நிலையில் இருந்தன என்பதை அரசுத் தரப்பால் ஐயமின்றிக் காட்ட முடியவில்லை. அதனால் அந்த அறிக்கையை நம்பத்தக்கதாக நீதிமன்றம் ஏற்கவில்லை. ஒரு மனிதர் ஆண்டுக்கணக்கில் தூக்குத் தண்டனையைச் சுமந்தார். பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்களுக்கோ கொன்றவர் யார் என்பதற்கு இன்றும் விடை இல்லை. மாதிரியைக் காக்கத் தவறினால் இரு தரப்புக்கும் அநீதி நேர்கிறது.

டிஎன்ஏ ஆய்வு ஆற்றல்மிக்கது. ஆனால் ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்த மாதிரியைப் பற்றி மட்டுமே அதனால் பேச முடியும். ஈரம் உலராமல் நெகிழிப் பையில் அடைத்த துணியில் நுண்ணுயிர்கள் பெருகி டிஎன்ஏவைச் சிதைத்துவிடும். கையுறை மாற்றாமல் இரண்டு பொருள்களைத் தொட்டால் ஒன்றின் தடயம் மற்றொன்றில் ஏறிவிடும். இத்தகைய பிழைகளைக் கண்டறிய மாதிரி கைமாறிய விவரப் பதிவு உதவும்.

மேற்படி தீர்ப்பு நாடு முழுமைக்குமான நெறிமுறைகளை வகுத்துள்ளது. மாதிரிகள் 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும்; தாமதமானால் காரணத்தை வழக்கு நாட்குறிப்பில் எழுத வேண்டும். சேமிப்பில் உள்ள மாதிரிகளின் எந்த உறையையும் விசாரணை நீதிமன்ற அனுமதியின்றித் திறக்கவோ மறுமுத்திரையிடவோ கூடாது. மாதிரி எடுத்தது முதல் வழக்கு முடியும்வரை கைமாற்றப் பதிவேடு பராமரிக்கப்பட வேண்டும். இதற்கான மாதிரிப் படிவங்களைத் தயாரித்து மாவட்டங்களுக்கு அனுப்பும் பொறுப்பு மாநிலக் காவல்துறைத் தலைமை இயக்குநருடையது.

எனவே கீழ்க்கண்ட கோரிக்கைகளை முன்வைக்கிறோம்:

1. கைமாற்றப் பதிவேடு தமிழிலும் அச்சிடப்பட்டு எல்லாக் காவல் நிலையங்களிலும் அரசு மருத்துவமனைப் பிரேதப் பரிசோதனைக் கூடங்களிலும் இருக்க வேண்டும். அது நடைமுறையில் உள்ளதா என மாவட்டவாரியாக ஆய்வு செய்து அறிக்கை வெளியிட வேண்டும்.

2. 48 மணி நேரக் கெடுவைக் கடைப்பிடிக்க வாகனம், குளிர்பதனப் பெட்டி, பயணப்படி ஆகியவற்றை வழங்க வேண்டும். புலன்விசாரணை அலுவலர் தன் சொந்தப் பணத்தில் மாதிரியை அனுப்பும் நிலை கூடாது.

3. 7 ஆண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் வல்லுநர் நிகழ்விடம் செல்ல வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3) பிரிவு. இதனால் பெருகவிருக்கும் பணிக்கு ஏற்ப ஆய்வகங்களில் காலிப் பணியிடங்களை நிரப்ப வேண்டும்.

4. ஆய்வின் முடிவை மட்டும் தராமல், அதன் மூலத் தரவுகளையும் தற்செயல் பொருத்தத்துக்கான வாய்ப்புக் கணக்கையும் எதிர்த்தரப்புக்குக் கட்டணமின்றி வழங்க வேண்டும். வசதியற்றவர்களுக்கு அரசுச் செலவில் தனி வல்லுநர் உதவி கிடைக்க வேண்டும்.

5. தண்டனைக்காலம் முடியும்வரை மாதிரிகளை அழிக்கக் கூடாது. அமெரிக்காவின் மேரிலாந்தில் 1985இல் மரண தண்டனை பெற்ற கிர்க் பிளட்ஸ்வொர்த், பாதுகாக்கப்பட்டிருந்த சான்றுப் பொருளில் செய்த டிஎன்ஏ ஆய்வால் 1993இல் விடுதலையானார். 2003இல் அதே சான்று உண்மைக் குற்றவாளியைக் காட்டியது. நம் சிறைகளில் இருப்போருக்கும் மறு ஆய்வு கோரும் உரிமை வேண்டும்.

6. டிஎன்ஏ அறிக்கையை முதன்மைச் சான்றாகக் கொண்டு ஆயுள் அல்லது மரண தண்டனை விதிக்கப்பட்ட வழக்குகளை, மாநிலச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் துணையுடன் மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

7. தவறாகச் சிறைப்பட்டோருக்கு இழப்பீடு வழங்கச் சட்டம் இயற்ற வேண்டும். இந்தியச் சட்ட ஆணையம் தன் 277ஆவது அறிக்கையில் 2018ஆம் ஆண்டிலேயே இதை வலியுறுத்தியுள்ளது.

இவற்றில் முதல் இரண்டு கோரிக்கைகளுக்குப் புதிய சட்டம் தேவையில்லை. துறை ஆணையே போதும். அவற்றை உடனடியாகப் பிறப்பித்து, ஏனையவற்றுக்குக் காலக்கெடு அறிவிக்குமாறும், எங்கள் பிரதிநிதிகளை நேரில் அழைத்துக் கருத்துக் கேட்குமாறும் பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
குற்றவியல் வழக்கறிஞர்கள் சங்கம்.