கட்டுத்துணி போதாது, அண்ணாச்சி!

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் வரும் பஸ்ஸில் ஒரே வாக்குவாதம். "நம்மகிட்ட அணுகுண்டு இருக்கு. அதனாலதான் எவனும் வாலாட்டாம இருக்கான்" என்கிறார் ஒரு ஜவுளிக்கடைக்காரர். "அது சரி அண்ணாச்சி, அவன்கிட்டயும் இருக்கே!" என்கிறார் பக்கத்தில் நின்ற குமாஸ்தா. ராஜபாளையம் வந்துவிட்டது. வழக்கு முடியவில்லை!

டெல்லி சர்க்காரின் வாதத்தை முதலில் கேட்போம். லேசான வாதம் அல்ல அது. 1998 மே மாதம் பொக்ரானில் ஐந்து குண்டுகளை வெடித்துப் பார்த்தோம். அதற்குப் பிறகு ஒன்றுகூட வெடிக்கவில்லை. 'முதலில் நாங்கள் போடமாட்டோம்' என்பதை 2003 ஜனவரியில் கொள்கையாகவே அறிவித்தோம். ஸ்டாக்ஹோம் ஆராய்ச்சி நிலையத்தின் 2025 ஜனவரி மதிப்பீட்டில் நம் கையிருப்பு சுமார் 180. பாகிஸ்தானிடம் 170, சீனாவிடம் 600. அமெரிக்காவும் ரஷ்யாவும் ஆளுக்கு ஐயாயிரத்துக்கு மேல்! இந்தக் கூட்டத்தில் நாம்தான் அடக்கமான பிள்ளை என்று சர்க்கார் சொன்னால், அதில் நியாயம் இருக்கிறது. மறுக்க மாட்டோம்.

ஆனால், குண்டு ஒழிப்பில் நாம்தான் முன்னோடி என்றும் சொல்கிறார்களே, அங்கேதான் உதைக்கிறது.

முன்னோடியாக இருந்தோம், வாஸ்தவம். 1954-லேயே சோதனைகளை நிறுத்துங்கள் என்றார் நேரு. 1988 ஜூனில் ராஜீவ் காந்தி ஐ.நா. சபைக்கே போய், 2010-க்குள் உலகத்தில் ஒரு அணுகுண்டும் மிஞ்சக்கூடாது என்று திட்டம் கொடுத்தார். பிறகு? 2017-ல் அணுகுண்டுத் தடை ஒப்பந்தத்துக்கு 122 நாடுகள் கை தூக்கின. நம் நாற்காலி காலி! ஜெனீவா மாநாட்டில் பேசிக்கொள்ளலாம் என்றது டெல்லி. அந்த ஜெனீவாவோ 1996-க்குப் பிறகு ஒரு ஒப்பந்தத்தைக்கூடப் பேசி முடித்ததில்லை.

'முதலில் போடமாட்டோம்' என்ற வாக்காவது கெட்டியா? 2019 ஆகஸ்டில் பொக்ரானிலேயே நின்றுகொண்டு, இதுவரை அதுதான் கொள்கை, இனி நடப்பது சூழ்நிலையைப் பொறுத்தது என்றார் ராணுவ மந்திரி ராஜ்நாத் சிங். சூழ்நிலையைப் பொறுத்து மாறும் வாக்கை நம்பி எந்தக் கடைக்காரராவது கடன் கொடுப்பாரா?

இது டெல்லிக்காரன் பாடு, நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. பக்கத்தில் திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம் 1990 முதல் இருக்கிறது. கடலுக்கடியில் கிடக்கும் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்பும் இடம். சண்டை என்று வந்தால் எதிரி இப்படிப்பட்ட இடத்தைத்தான் முதலில் தேடுவான்.

ராஜபாளையம் பக்கத்துச் சத்திரப்பட்டியில் தறி ஓட்டுகிறவர்களுக்குக் காயம் என்றால் என்னவென்று தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போகும் பேண்டேஜ் துணி அவர்கள் நெய்வது. 1945-ல் ஹிரோஷிமாவில் விழுந்தது ஒரே ஒரு குண்டு. இன்றைய கணக்கில் சின்னக் குண்டு. அந்த வருஷம் முடிவதற்குள் சுமார் 1,40,000 பேர் செத்தார்கள். ஊரிலிருந்த டாக்டர், நர்ஸுகளில் பத்துக்கு ஒன்பது பேர் மாண்டார்கள் அல்லது காயப்பட்டார்கள். சத்திரப்பட்டித் தறி அத்தனையும் ராத்திரி பகலாக ஓடினாலும், துணியை எடுத்துக் கட்ட ஆள் வேண்டாமா?

குண்டை நாளைக்கே கடலில் போடு என்று நாம் கேட்கவில்லை. பாகிஸ்தானும் சீனாவும் வைத்திருக்கும்போது அது நடக்காது. 'முதலில் போடமாட்டோம்' என்பதைப் பார்லிமெண்டில் சட்டமாக்கட்டும். அந்தத் தடை ஒப்பந்த நாடுகள் கூடும்போது ஓரமாகவாவது போய் உட்காரட்டும். நேட்டோ கூட்டணியில் இருக்கும் ஜெர்மனியே 2022-ல் வியன்னாவில் பார்வையாளராக உட்கார்ந்ததே, நமக்கென்ன கூச்சம்?

ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் தென்காசி பார்லிமெண்ட் தொகுதியில்தான் வருகின்றன. நம்ம எம்.பி. அடுத்த கூட்டத்தொடரிலேயே இந்த இரண்டையும் கேட்கட்டும். பதிலை எழுத்தில் வாங்கி வரட்டும்!