பழைய சாயத்துக்கும் உயிர் இருக்கிறது

காரில் ஒரு கதவு நசுங்கினால் ஒரு கதவைச் சரிசெய்தால் போதும். மலாக்காவின் ஜாசின் வட்டாரத்தில் கார்களுக்குச் சாயம் அடிக்கும் பட்டறை வைத்திருப்பவன் நான். இதை உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. புதுக் கதவு பளிச்சென்று நிற்கும்போது மற்ற இடமெல்லாம் வெளுத்துத் தெரிகிறது. உடனே, "முழுசா அடிச்சிடுங்க" என்கிறார்கள். பல பட்டறைகளும் அதையே செய்து கொடுக்கின்றன. ஆயிரக்கணக்கான வெள்ளி அங்கே கரைகிறது.

மலாக்கா நிலநடுக்கோட்டுக்கு 2 டிகிரி வடக்கே இருக்கிறது. ஆண்டு முழுவதும் வெயிலுக்கு ஓய்வில்லை. தோட்டத்து வீடுகளில் காருக்குக் கொட்டகை ஏது? புறஊதாக் கதிர் சாயத்தின் மேற்பரப்பை அரித்துச் சுண்ணாம்பு பூத்ததுபோல் ஆக்கிவிடும். சிவப்புதான் சீக்கிரம் வெளுக்கும். வண்டியில் ஒட்டியிருக்கும் சாய எண், தொழிற்சாலையை விட்டு வந்த அன்றைய நிறத்தைத்தான் சொல்லும். அதன்படி கலந்தால் கதவு தனியாகத்தான் தெரியும்.

அசஹான் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒருவர் சிவப்புக் கஞ்சில் கார் ஒன்றைக் கொண்டுவந்தார். கதவுக்கு வேறு பட்டறையில் சாயம் அடித்திருந்தார். "தம்பி, முழுசும் மாத்திடலாமா?" என்றார். "அவசரப்படாதீங்கண்ணே" என்று சொல்லி, வண்டியைக் கழுவித் துடைத்து, முன்மூடியில் உள்ளங்கை அளவு இடத்தைச் சுற்றி டேப் ஒட்டினேன். துணியில் தேய்ப்புக் கம்பவுண்டு தொட்டுத் தேய்த்தேன். துணி சிவந்தது. கிளியர் என்னும் நிறமற்ற மேற்பூச்சு இல்லாத ஒற்றைப் பூச்சு என்பது அப்போதே தெரிந்துவிட்டது. டேப்பை உரித்ததும் நடுவில் அடர்ந்த சிவப்பு, சுற்றிலும் வெளிறிய ரோஜா நிறம். அண்ணன் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, வேறெதுவும் கேட்கவில்லை. வண்டி முழுவதையும் தேய்த்து, பாலிஷ் போட்டு, வேக்ஸ் பூசிக் கொடுத்தேன். கதவுக்கும் உடம்புக்கும் இருந்த வேற்றுமை கண்ணுக்கு உறுத்தாத அளவுக்குக் குறைந்துவிட்டது.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் பழையதைத் தேய்த்து உயிர்ப்பிக்க வேண்டும். பிறகுதான் அதைப் பார்த்துப் புதுச் சாயம் கலக்க வேண்டும். கலந்ததை ஓர் அட்டையில் அடித்து, நன்றாகக் காய்ந்தபின் வெயிலில் வைத்துப் பார்க்க வேண்டும். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் வேறு நிறம். அப்படியும் கொஞ்சம் விலகினால், சாயத்தைக் கதவோடு நிறுத்தாமல் பக்கத்துத் தகட்டுக்குள் மெல்ல மெல்ல மெலிதாக்கிப் படரவிட வேண்டும்.

எல்லா வண்டியும் இதற்கு இணங்காது. இன்றைய கார்களில் நிறத்துக்கு மேல் கிளியர் உண்டு. அதன் கனம் 40 முதல் 50 மைக்ரான், தலைமுடியை விட மெல்லியது. ஒவ்வொரு தேய்ப்பும் அதில் கொஞ்சத்தைத் தின்னும். கிளியர் செதில் செதிலாக உரிந்துவிட்டால் எந்தக் கம்பவுண்டும் காப்பாற்றாது, அந்தத் தகட்டை மறுபடி அடிக்கத்தான் வேண்டும். அதைச் சொல்வதும் பட்டறைக்காரனின் கடமை.

தேறுகிற சாயத்தை ஏன் காப்பாற்ற வேண்டும்? தொழிற்சாலையில் வெறும் கூட்டுக்கு அடித்த சாயத்தைச் சுமார் 140 டிகிரி செல்சியஸில் சுட்டெடுக்கிறார்கள். ஒயரும் பிளாஸ்டிக்கும் பூட்டிய வண்டியை எங்கள் அடுப்பில் 60 டிகிரியை ஒட்டித்தான் சூடாக்க முடியும். அந்தப் பழைய பூச்சின் உறுதியை நாங்கள் திருப்பித் தர முடியாது.

இன்னொரு கணக்கும் உண்டு. சொந்தக் காப்புறுதியில் இழப்பீடு கோரினால், கோராமல் இருந்து 55 விழுக்காடு வரை சேர்த்த கட்டணச் சலுகை பறிபோகும். அதனால் சின்ன அடிக்குச் சம்பளப் பணத்தைத்தான் எடுக்கிறார்கள். அந்தப் பணத்துக்கு நாங்கள் மரியாதை தர வேண்டும்.

வாடிக்கையாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். சாயத்துக்குக் காசு கொடுப்பவர்கள், தேய்ப்புக்குக் கூலி என்றதும் முகம் சுளிக்கிறார்கள். நாள் முழுக்கக் குனிந்து தேய்க்கும் பையனின் தோள்வலி பில்லில் தெரிவதில்லை. பட்டறைகள் அந்தக் கூலியைத் தனித் தொகையாக எழுதட்டும். நீங்கள் பேரம் பேசாமல் கொடுங்கள். முழு வண்டிக்கும் சாயம் அடிக்கச் சம்மதிக்கும் முன், உள்ளங்கை அளவு தேய்த்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுக்கும் பட்டறையில் வண்டியை விடாதீர்கள்.