விளக்கு யார் கையில்?



கட்டியங்காரன் இல்லாமல் கூத்து இல்லை. அவன் ஆடுவான், பாடுவான், சிரிக்க வைப்பான், கூட்டம் கூடும். ஆனால், விடியும்வரை அவனே ஆடிக்கொண்டிருந்தால் கதை தொடங்குவது எப்போது? மேடை ஏறிப் பழகிய எனக்கு, டீனா பிரவுன் என்னும் இதழாசிரியரின் வாழ்வைப் படித்தபோது எழுந்த கேள்வி இது.

இங்கிலாந்தில் 1953இல் பிறந்தவர். 25 வயதில், 1979இல், இலண்டன் 'டாட்லர்' ஏட்டின் ஆசிரியரானார். 1984இல் நியூயார்க் நகரில் 'வேனிட்டி ஃபேர்' அவர் கைக்கு வந்தது. 1936இல் மறைந்து, 1983இல் மறுபிறவி எடுத்து, தள்ளாடிக்கொண்டிருந்த ஏடு அது.

தள்ளாடிய ஏட்டைத் தலைநிமிர வைத்தது எது? வெளிச்சம்! விளம்பர வெளிச்சம்! 1985இல் அதிபர் ரீகனும் அவர் துணைவியாரும் அட்டைப்படத்தில் நடனமாடினர். 1991இல் ஏழு மாதக் கர்ப்பிணியான நடிகை டெமி மூர் ஆடையின்றி அட்டைப்படத்தில் நின்றார், நாடே பேசிற்று.

வெறும் மினுக்கு வியாபாரம் என்று ஏசினர் சிலர். ஏசியவர்கள் அடுத்த காட்சியையும் காணவேண்டும்.

1992இல் 'நியூயார்க்கர்' ஏட்டின் பொறுப்பேற்றார். அடுத்த ஆண்டு டிசம்பரில் ஓர் இதழை ஏறத்தாழ முழுமையாக ஒரே கட்டுரைக்கு ஒதுக்கினார். மார்க் டானர் எழுதிய அந்தக் கட்டுரை எதைப் பற்றி? நட்சத்திரத்தைப் பற்றியா? இல்லை! எல் சால்வடார் நாட்டின் எல் மோசோட்டே சிற்றூரைப் பற்றி. 1981 டிசம்பரில், அமெரிக்கா பயிற்சி கொடுத்த படை அங்கே நூற்றுக்கணக்கான ஏழைகளைக் கொன்று குவித்தது, குழந்தைகளையும் விடவில்லை. செய்தி வந்தபோது, நம்பத்தக்கதல்ல என்று தள்ளியது ரீகன் அரசு. ரீகனை அட்டையில் ஆடவைத்த அதே ஆசிரியர், அந்த ஆட்சி மறைத்த பிணக்குவியலையும் காட்டினார்.

கட்டியங்காரன் ஒதுங்கினான், கதை தொடங்கியது!

ஆனால், விளக்கை ஏந்துவது ஆசிரியர் கை. எண்ணெய் ஊற்றுவது எவர் கை? 1999இல் அவர் தொடங்கிய 'டாக்' ஏட்டுக்குப் பணம் போட்டோரில் ஒன்று, ஹார்வி வைன்ஸ்டீனின் மிராமாக்ஸ் படநிறுவனம். சுதந்திரதேவி சிலை நிற்கும் தீவிலே தொடக்க விழா! 2002 ஜனவரியில் ஏடு நின்றது. 2017இல், வைன்ஸ்டீன் தங்களுக்கு இழைத்த கொடுமைகளைப் பெண்கள் வெளியே சொன்னபோது, அதை அச்சேற்றிய ஏடுகளில் ஒன்று 'நியூயார்க்கர்'. அவர் பணத்தில் நடக்கும் ஏடாக இருந்தால் அதை அச்சேற்றத் துணிந்திருக்குமா?

காலமும் மாறிற்று. 2008இல் 'டெய்லி பீஸ்ட்' என்ற இணைய ஏட்டைத் தொடங்கினார். 1933 முதல் வெளிவந்த 'நியூஸ்வீக்' அதனுடன் இணைந்தது. 2012 டிசம்பர் 31 தேதியிட்ட இதழோடு அச்சை விட்டது. 2014இல் வேறு கைகளில் அச்சுக்குத் திரும்பியது என்றாலும், பழைய செல்வாக்கு திரும்பவில்லை.

இன்று நட்சத்திரம் தன் கைப்பேசியிலே தானே பேசுகிறது. அதற்கு ஆசிரியர் தேவையில்லை, அட்டைப்படமும் தேவையில்லை. அப்படியானால் ஆசிரியர் எவருக்குத் தேவை?

எல் மோசோட்டேக்கு! பேச நாவற்றுப் புதைக்கப்பட்ட ஊர்களுக்கு!

கூட்டம் கூட்டத் தெரிந்தவர்களே, கூட்டுங்கள், அது குற்றமல்ல. கூடியவர்களுக்கு என்ன சொல்லப் போகிறீர்கள், விளக்குக்கு எவருடைய எண்ணெய் என்ற இரண்டையும் மேடை ஏறுமுன் கேட்டுக்கொள்ளுங்கள்!