என் அழைப்புக்கு யார் கையெழுத்து?

எனக்குப் பத்தொன்பது வயதில் கடவுள் என்னைக் கூப்பிட்டார். இந்த ஒரு வரியைக் கூச்சமில்லாமல் எழுத எனக்குப் பதினைந்து வருடம் ஆகியிருக்கிறது.

எர்ணாவூர் சுனாமிக் குடியிருப்பில் தண்ணீர் லாரிக்காகக் குடத்தை வரிசையில் போட்டுவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். வெளிச்சமும் இல்லை, குரலும் இல்லை. இந்த ஜனங்களோடு இரு, இவர்களுக்காகப் பேசு என்கிற ஒரு நிச்சயம் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. லாரி வந்தது, சண்டை நடந்தது, குடம் நிறைந்தது. அந்த நிச்சயம் மட்டும் எழுந்து போகவில்லை.

அடுத்த ஞாயிறு எங்கள் போதகரிடம் போய்ச் சொன்னேன். இறையியல் கல்லூரியில் சேரச் சபையின் சிபாரிசுக் கடிதம் வேண்டும் என்று கேட்டேன். அவர் சிரித்த முகத்தோடு கேட்டார். "வீட்ல கேட்டியாம்மா? ஜெபிச்சுப் பாக்கலாம். நல்ல ஊழியக்காரரா பாத்து உன்னைக் கட்டிக் குடுப்போம், அதுவும் ஊழியந்தானே" என்றார். எட்டு மாதம் ஜெபித்துப் பார்த்தோம். அதற்குள் எங்கள் பிளாக்கிலிருந்தே ஒரு பையன், முழு இரவு ஜெபத்தில் எழுந்து நின்று, தனக்கு அழைப்பு வந்திருக்கிறது என்று அழுதுகொண்டே சொன்னான். ஒரே வாரத்தில் கடிதம் தயார். படிப்புச் செலவுக்கு விசேஷக் காணிக்கை எடுத்தார்கள். அந்தப் பையில் நானும் இருபது ரூபாய் போட்டேன்.

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. நல்ல பையன், இன்று நல்ல போதகர். என் கோபம் அந்தத் தராசின் மேல்.

அழைப்பைச் சோதித்துப் பார்க்கக் கூடாது என்று நான் வாதாட வரவில்லை. கட்டாயம் சோதிக்க வேண்டும். கடவுள் என்னிடம் பேசினார் என்று சொல்லிக்கொண்டு பெண்களின் நகையையும் உடம்பையும் சூறையாடியவர்களை வடசென்னை நிறையப் பார்த்திருக்கிறது. நான் கேட்பது ஒன்றுதான்: ஏன் இரண்டு தராசு? ஒரு பெண் வந்து, சபையைக் கூட்டிப் பெருக்க, சமைக்க, நோயாளியைப் பார்க்க, உபவாசம் இருக்கக் கர்த்தர் ஏவினார் என்று சொன்னால் அதை யாரும் சோதிப்பதில்லை. உடனே ஆமென். பேச ஏவினார், முடிவெடுக்க ஏவினார் என்று சொன்னால் மட்டும், அவள் களைத்துப்போய் வீட்டுக்குத் திரும்பும்வரை சோதனை நடக்கும்.

அழைப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்ய வருகிற எல்லோரும் சிறுவன் சாமுவேலின் கதையைச் சொல்வார்கள். இரவில் குரல் கேட்கிறது, பையன் ஆசாரியன் ஏலியிடம் ஓடுகிறான், மூன்றாவது தடவைதான் ஏலிக்கு விளங்குகிறது, இப்படிப் பதில் சொல் என்று கற்றுக் கொடுக்கிறான். அழகான கதை. ஆனால் புத்தகத்தில் இரண்டு அதிகாரம் முன்னால் போய்ப் பாருங்கள். இதே ஏலியின் கண் முன்னால் ஒரு பெண் உதடு மட்டும் அசைய ஜெபித்துக்கொண்டிருக்கிறாள். அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்து அதட்டுகிறான் ஏலி. அவள்தான் சாமுவேலின் தாய் அன்னாள். தான் குடிக்கவில்லை என்று அவளே வாய் திறந்து நிரூபிக்க வேண்டியிருந்தது. மகனுக்கு மூன்று வாய்ப்பு, தாய்க்கு முதல் பார்வையிலேயே குற்றச்சாட்டு. அழைப்பைப் பற்றிய பிரசங்கம் அன்னாளிடமிருந்து தொடங்கி நான் கேட்டதே இல்லை.

இன்னொரு கதை, எங்கள் கடற்கரைக்கு நெருக்கமானது. ராயபுரம் என்ற பேரே இராயப்பர், அதாவது பேதுரு, பேரில் வந்தது என்பார்கள். மீனவர்கள் வலையை விட்டுவிட்டு இயேசுவின் பின்னால் போனார்கள் என்பதை எங்கள் பக்கம் சொல்லும்போது எல்லோர் கண்ணிலும் நீர் வரும். வலை என்றால் என்ன விலை என்று தெரிந்த ஜனம். ஆனால் காசிமேட்டில் விடிவதற்கு முன் ஏலத்தில் நின்று, தண்டலுக்கு வாங்கிய காசில் மீன் எடுத்து, தலையில் சுமந்து விற்ற பெண்களின் பேத்தியாக எனக்கு ஒரு கேள்வி உண்டு. அவர் வலையை விட்ட அன்று வீட்டில் உலை வைத்தது யார்? பேதுருவுக்கு மாமியார் இருந்தார் என்று சுவிசேஷம் சொல்கிறது. ஜுரத்தில் கிடந்தார், இயேசு குணமாக்கினார், எழுந்து அவர்களுக்குப் பணிவிடை செய்தார். மாமியார் இருந்தால் மனைவியும் இருந்திருப்பார். இருவருக்கும் பேர் இல்லை. ஆண் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போனான் என்று நாம் கொண்டாடும் ஒவ்வொரு அழைப்புக்கும் பின்னால், எதையும் விட முடியாமல் அங்கேயே நின்ற ஒரு பெண் இருக்கிறாள். அவள் நின்றதையும் அழைப்பு என்று எழுதியிருக்கலாம். யாரும் எழுதவில்லை.

பெண்ணுக்கு என்று ஒதுக்கப்பட்ட அழைப்பின் பேர் தியாகம். அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நாங்கள் கண்ணால் பார்த்தோம். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. கடல் வீட்டைக் கொண்டுபோனது. எர்ணாவூரில் தற்காலிகக் கொட்டகைகளில் எங்களைக் குடிவைத்தார்கள். கடல் தூரமானது, தொழில் போனது, கடன் மட்டும் கூடவே வந்தது. 2007 ஜனவரியில் எங்கள் ஊர்ப் பேர் பத்திரிகைகளில் வந்தது. சுனாமிக் கொட்டகைகளில் இருந்தவர்கள் கடனுக்காகச் சிறுநீரகத்தை விற்றிருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பேசிய பணம் முழுதாகக் கைக்கு வரவில்லை என்று அவர்கள் சொன்னார்கள். புருஷன் உடம்பு உழைக்கிற உடம்பு, அதில் கத்தி வைக்கக் கூடாது என்பது வீட்டுக்கு வீடு சொல்லாமலே எடுத்த முடிவு.

அந்த நாட்களில் ஒரு கொட்டகைச் சபையில், குடும்பத்துக்காகத் தன்னையே கரைத்துக்கொள்வதுதான் பெண்ணுக்குத் தேவன் தந்த அழைப்பு என்று ஒருவர் பிரசங்கம் செய்தார். வயிற்றில் தையல் ஆறாத பெண்கள் பாயில் உட்கார்ந்து கேட்டார்கள். எனக்கு அப்போது பதினாறு வயது. அன்று எனக்குப் புரியாத கோபத்தைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். தரகரும் அதைத்தான் வேறு வார்த்தையில் சொன்னான்: உன் பிள்ளைங்களுக்காகத்தானே. சபை அந்தத் தரகரை எதிர்த்துப் பேசியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக அவன் சொன்னதற்கே வசனம் தேடிக் கொடுத்தது.

என் பெரியம்மா கதையையும் சொல்லியாக வேண்டும். அடுக்குமாடிக்கு வந்த பிறகு அவர் தன் வீட்டில் வெள்ளிக்கிழமை ஜெபம் ஆரம்பித்தார். எழுத்துக் கூட்டித்தான் வேதம் வாசிப்பார். முதலில் ஏழு பெண்கள், பிறகு நாற்பது பேர். ஜெபத்தோடு நிற்கவில்லை. குடித்துவிட்டு அடிக்கிறவன் வீட்டுக் கதவைத் தட்டுவார், காவல் நிலையத்துக்குத் துணைக்குப் போவார், சாவு வீட்டுக்கு வசூல் செய்வார். சீட்டுப் பணத்தை எடுத்துத் தகர ஷீட் வாங்கிக் கொட்டகை போட்டார். கொட்டகை நின்றதும் சபைக்கு ஒரு போதகர் வேண்டும் என்றார்கள். வெளியூரிலிருந்து ஒருவர் வந்தார். வாசலில் போர்டு வந்தது, அவர் படம், பக்கத்தில் அவர் மனைவி படம். பெரியம்மாவுக்குப் பாய் விரிக்கிற ஊழியம் கிடைத்தது. நான் கொதித்தபோது, "இயேசப்பா இன்னா எங்கிட்ட போர்டா கேட்டாரு?" என்று சிரித்தார். அந்தப் பதிலை அன்று நான் மெச்சினேன். இன்று மெச்ச மாட்டேன். அவருடைய தாழ்மை அவருடையது, மதிக்கிறேன். அந்தத் தாழ்மையின் மேல் ஏறி நின்று பேர் எழுதியவர்களை மதிக்க முடியாது.

இது எங்கள் கொட்டகையின் கதை மட்டும் இல்லை. 18ஆம் நூற்றாண்டிலேயே நடந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்து பிராமண விதவை ஒருத்தி, லிட்டில்டன் என்ற ஆங்கில ராணுவ அதிகாரியோடு வாழ்ந்தவள், ஞானஸ்நானம் கேட்டு மிஷனரி ஸ்வார்ட்ஸிடம் போனாள். மணமாகாமல் ஓர் ஆணோடு வாழ்கிறாய் என்று அவர் மறுத்துவிட்டார். அந்த அதிகாரி ஏற்கெனவே கிறிஸ்தவர். அவருக்கு எந்தக் கதவும் சாத்தப்பட்டதாக நமக்குச் சொல்லப்பட்ட கதையில் இல்லை. மறுக்கப்பட்டவள் கூப்பிட்டவரை விடவில்லை. பாளையங்கோட்டையில் ஜனங்களைக் கூட்டினாள். அதிகாரி இறந்த பிறகு, 1778இல், அதே ஸ்வார்ட்ஸ் அங்கே வந்து ஞானஸ்நானம் கொடுத்தார். குளோரிந்தா என்று பேர். 1780இல் எழுதிய திருநெல்வேலிச் சபைப் பதிவேட்டில் நாற்பது பேர், முதல் பேர் அவளுடையது. 1785இல் அவள் கட்டிய ஆலயம் பிரதிஷ்டை ஆனது. ஊரில் அதைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றார்கள். எந்தச் சாதியை விட்டு வெளியே வந்தாளோ அந்தச் சாதியையே அவளுக்குப் பேராக மாட்டிவிட்டார்கள். திருநெல்வேலிச் சபை ஒரு பெண்ணின் அழைப்பில் தொடங்கியது. அந்த அழைப்புக்கு எந்த ஆணின் கையெழுத்தும் முன்கூட்டி இருக்கவில்லை.

பவுல் சொல்லியிருக்கிறாரே, பெண்கள் சபையில் பேசக் கூடாது என்று? இந்தக் கேள்வியை ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது என் மேல் வீசுவார்கள். அதே பவுல் ரோமருக்கு எழுதிய கடிதத்தின் கடைசி அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். அங்கே வருகிற முதல் பேர் பெபேயாள். கெங்கிரேயா சபையின் ஊழியக்காரி என்று அவளைச் சொல்லி, ஏற்றுக்கொள்ளுங்கள், கேட்ட உதவியைச் செய்யுங்கள் என்கிறார். கெங்கிரேயா என்பது கொரிந்துப் பட்டணத்தின் துறைமுகம். எங்களைப் போலத் துறைமுகத்து ஊர்க்காரி. அவளுக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதியது பவுல். எனக்கு எழுத மறுத்தவர் பவுலைக் காரணம் காட்டினார்.

சட்டமெல்லாம் மாறிவிட்டதே என்பார்கள் சிலர். உண்மை, கொஞ்சம் மாறியிருக்கிறது. தென்னிந்தியத் திருச்சபை பெண்களுக்குக் குருப்பட்டம் தருகிறது. 1947இல் உருவான அந்தத் திருச்சபைக்கு முதல் பெண் பேராயர் 2013இல் கிடைத்தார், நந்தியாலில், புஷ்பலலிதா. அறுபத்தாறு வருடம். கத்தோலிக்கத் திருச்சபையில், பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கத் திருச்சபைக்கு அதிகாரமே இல்லை என்று 1994இல் இரண்டாம் ஜான் பால் எழுதியதுதான் இன்றும் நிலை. எங்கள் கொட்டகைச் சபைகளில் சட்டமும் இல்லை, சினாடும் இல்லை. பாஸ்டர் இருக்கிறார், பாஸ்டரம்மா இருக்கிறார். பாஸ்டரம்மா ஆவதற்கு ஒரே தகுதி கல்யாணம்.

கடைசியாக ஒரு வாதம் உண்டு. இதுதான் கேட்க இனிமையானது, அதனாலேயே ஆபத்தானது: பிரசங்க பீடம் எதற்கு, உலகமே ஊழிய களம் இல்லையா? நான் இன்று பள்ளி ஆசிரியை. 2023 டிசம்பர் 26 இரவு, சுனாமிக்குச் சரியாகப் பத்தொன்பது வருடம் கழித்து, எண்ணூர் பெரியகுப்பம் பக்கத்தில் அமோனியா கசிந்தது. ஜனங்கள் மூச்சு முட்டிப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மறுநாளிலிருந்து பெண்கள் வெயிலில் உட்கார்ந்து போராடினார்கள். நானும் போய் உட்கார்ந்தேன். ஒலிபெருக்கியை என் கையில் கொடுத்தார்கள். கடிதம் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. பத்தொன்பது வயதில் எனக்கு வந்த வார்த்தை நிறைவேறிய இடங்களில் அது ஒன்று என்று நம்புகிறேன்.

ஆனால் அதற்காகப் பீடத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன். வாரா வாரம் அந்தப் பீடத்திலிருந்துதான் எங்கள் பெண்களுக்கு அவர்கள் உடம்பு யாருடையது, அடித்தால் பொறுக்கலாமா, கடனுக்கு எதை விற்கலாம் என்று சொல்லப்படுகிறது. அங்கே யார் நிற்கிறார்கள் என்பது எங்களுக்கு உயிர்ப் பிரச்சினை.

போன வருடம் ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். பதினேழு வயது, என் மாணவி. வராந்தாவில் தயங்கித் தயங்கி நின்று, "மிஸ், எனக்கு ஒண்ணு தோணிக்கினே இருக்குது, சொன்னா சிரிக்கக் கூடாது" என்றாள். சொல்லி முடித்ததும் என் வாயில் முதலில் வந்த கேள்வி என்ன தெரியுமா? வீட்ல கேட்டியா. அதே கேள்வி, அதே சிரித்த முகம். சொல்லிவிட்டு நானே திடுக்கிட்டேன். ஏலி ஆவதற்கு ஆணாக இருக்க வேண்டியதில்லை.

உட்காரச் சொன்னேன். முதலிலிருந்து சொல்லச் சொன்னேன். எப்போது வந்தது, யாருக்காக என்று தோன்றுகிறது, இதனால் உனக்கு என்ன நஷ்டம் வரும் என்று கேட்டேன். என் போதகர் அந்தப் பையனிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள், என்னிடமும் கேட்டிருக்க வேண்டியவை. ஒரு மணி நேரம் பேசினாள்.

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் இறையியல் கல்லூரிக்கு விண்ணப்பிக்கப் போகிறாள். அவள் சபை கடிதம் கொடுக்குமா என்று தெரியாது. என் கையெழுத்துக்கு எந்தக் கல்லூரியிலும் மதிப்பில்லை. ஆனாலும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: இந்தப் பெண் கூப்பிடப்பட்டிருக்கிறாள், நான் கேட்டேன், நம்புகிறேன். கீழே என் முழுப் பேர், ஊர் எர்ணாவூர், தேதி. அதையும் விண்ணப்பத்தோடு சேர்த்து வைத்துவிடு என்று சொல்லியிருக்கிறேன்.